பாரூத் என்று மூன்று முறை

ஜெருசலேம் மலைகள்
ஜூன் 22, 1986

அஸ்மருக்கு,

உன் மகன் ஓவேத் வியாழக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தான். கையில் கடப்பாறை. முதலில் முன்பக்க ஜன்னலை உடைத்தான், பிறகு சமையலறை ஜன்னலை, பிறகு என் இடது முன்கையை. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. வலது கையை ஏனோ விட்டுவிட்டான், அதனால்தான் உனக்கு இந்தக் கடிதம். "எங்கப்பாவைக் கொன்னுட்டு உக்காந்து ரொட்டி திங்கிறியா, கிழவா?" என்று கேட்டான். நான் ரொட்டி தின்னவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி என் கையில்தான் இருந்தது. அதை நான் தூக்கவில்லை என்பதை நீ குறித்துக்கொள்.

போலீசுக்குப் போகவில்லை. கூடப் பிறந்தவள் மகனைப் பிடித்துக் கொடுக்கிறவன் இல்லை நான். ஆனால் நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும். உனக்கு நான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் நீ எடுத்தாய், "யாரு?" என்றாய், நான் பேச ஆரம்பித்தேன், நீ வைத்துவிட்டாய். மூன்றாம் முறை பத்து நிமிடம் பேசியிருப்பேன். கடைசியில் "நாசமாப் போ" என்றாய். முப்பது நாள் துக்கம் முடிவதற்குள் இந்த ஊரைவிட்டு மகனோடு பீர்ஷெபாவுக்குப் போய்விட்டாய். அண்ணனிடம் ஒரு வார்த்தை இல்லை.

நடந்தது இது. மே 20, செவ்வாய். பதினாறு குழி போட்டிருந்தோம். உன் புருஷன் குர்ஜியும் நானும் இருபத்தெட்டு வருடமாகச் சேர்ந்து நடத்தும் கல்குவாரி அது. கல்லை அறுப்பது அவன் வேலை, வெடி வைப்பது என் வேலை. தோட்டாவை இறக்கி, மண்ணால் கெட்டித்து, திரியை இணைத்தேன். விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்து "பாரூத்" என்று மூன்று முறை கத்தினேன். இந்த நாட்டில் வெடிவைக்கிற எவனும் கத்துகிற கத்தல் அது. அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நூறு வரை எண்ணினேன். பள்ளத்தில் ஆள் தெரியவில்லை. திரியைப் பற்றவைத்தேன். குர்ஜி பெரிய பாறைக்குப் பின்னால் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறான். மூன்று முறை கத்திய பிறகும் அங்கேயே இருந்தான். அது என் குற்றமா?

போலீஸ்காரர்கள் விசாரித்தார்கள், விபத்து என்று எழுதினார்கள், மூடிவிட்டார்கள். நீங்கள் மட்டும் மூடவில்லை. கிராமம் முழுக்க என்னைக் கொலைகாரன் என்கிறது. நான் நாற்பத்தொரு வருடம் வெடி வைத்தவன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், செய்தித்தாளில் எழுத்துக் கூட்டி இந்த எபிரேய மொழியைக் கற்று, உரிமத் தேர்வை மூன்றாவது முயற்சியில் எழுதித் தேறியவன். இதுவரை என் வெடியில் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காயம் பட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கும் குர்ஜிக்கும் நடந்த அடிதடிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அது சைரனைப் பற்றிய சண்டை. அதை எழுத வேண்டியதில்லை.

நாஹூம்


பீர்ஷெபா
ஜூலை 1

நாஹூமுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தைப் படிக்க எதிர்வீட்டு நகைக்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன். முதல் வரி ஒழுங்காக இருக்கிறது. போகப் போக எறும்பு மாதிரி சுருங்கி, கடைசிப் பக்கத்தில் மண்ணைத் தூவியது போல இருக்கிறது. இவளுக்கு இது போதும் என்று நினைத்தாயா?

போன் பண்ணினேன் என்கிறாய். பேசினாயாம். நீ எங்கே பேசினாய்? நான்கு முறையும் எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான். புஸ், புஸ் என்று. மூன்றாம் முறை பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன், என்னை என்ன செய்யப்போகிறான் இவன் என்று. ஓவேத்தின் மனைவி பயந்துபோய்க் கதவைத் தாழ்போட்டாள். புருஷனைக் கொன்றது போதாமல் விதவையைப் போனில் மிரட்டுகிறாய்.

என் புருஷனை எனக்கு முழுசாகக் காட்டவில்லை. அடக்கம் செய்கிற சங்கத்து ஆட்கள் இரண்டு நாள் பள்ளத்தில் தூரிகையும் வாளியுமாகத் தேடினார்கள். நான் பார்த்தது ஒரு பூட்ஸ். முடிச்சு அவிழாமல் இருந்தது. அவர் ஓடவே முயற்சி செய்யவில்லை, நாஹூம். இருபத்தெட்டு வருடம் அந்தக் கத்தலுக்கு முயல் மாதிரி ஓடியவர். ஓய்வுநாளில் தெருப்பிள்ளைகள் விளையாட்டுக்கு "பாரூத்" என்று கத்தினால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறவர். நீ கத்தியிருந்தால் அவர் அங்கே இருந்திருக்க மாட்டார்.

அடக்கத்தில் நீ நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சுண்ணாம்புக் கல் மாதிரி நின்றாய். நான் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், அப்போதும் அதே முகம்.

வெள்ளிக்கிழமைச் சண்டையை எழுத வேண்டியதில்லையா? நான் எழுதுகிறேன். அவர் வாயில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். முன்பல் இரண்டு இல்லை. "கல்லு வழுக்கி விழுந்துட்டேன்டி" என்றார். நான்கு நாள் கூபே உருண்டையை சூப்பில் நசுக்கி நசுக்கித் தின்றார். செத்த பிறகுதான் ஆட்கள் சொன்னார்கள், நீ சைரன் பெட்டியைத் தூக்கி அவர் வாயில் அடித்தாய் என்று. வெள்ளிக்கிழமை பல்லை உடைத்தாய். செவ்வாய்க்கிழமை ஆளையே உடைத்தாய். இதில் என்ன விசாரணை வேண்டும்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பாவமன்னிப்பு நாளுக்கு முன்னால் பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு அவர் கல்லறைக்கு வா. இறந்தவனுக்குச் செய்த குற்றத்தை அப்படித்தான் சொல்ல வேண்டும், உனக்கும் தெரியும். பத்துப் பேர் காதில் விழ "நான் கத்தவில்லை" என்று சொல். ஓவேத் லாரியில் அந்தக் கடப்பாறையை வைத்துக்கொண்டுதான் திரிகிறான். நான் நிறுத்து என்றால் நிற்பான். நான் சொல்லப்போவதில்லை.

குர்ஜியின் மனைவி


ஜெருசலேம் மலைகள்
ஜூலை 15

அஸ்மருக்கு,

சொல்ல மாட்டேன். செய்யாததைச் சொல்ல மாட்டேன்.

கத்தினேன். மூன்று முறை. என் காதில் இன்னும் இருக்கிறது. எதிர்மலை திருப்பிச் சொன்னது. நீ பத்துப் பேரை அல்ல, ஆயிரம் பேரை நிறுத்து. கத்தவில்லை என்று என் வாயிலிருந்து வராது. நான் வளைகிறவன் இல்லை என்பது உனக்குப் புதிதா?

போனில் மூச்சு விட்டேனாம். நான் பேசினேன். அடக்கத்து அன்று என் நிலைமை என்ன என்று சொன்னேன், நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன், குர்ஜியின் கத்தியும் அளவுகோலும் என்னிடம் இருக்கின்றன, யாரிடம் கொடுக்க என்று கேட்டேன். நீ காதை மூடிக்கொண்டு கேட்டால் நான் என்ன செய்ய?

உன்னோடு சேர்ந்து ஊரும் ஆடுகிறது. கடைக்கார ஷப்தாய் இருக்கிறானே, என்னோடு முப்பது வருடம் பழகியவன். போன வாரம் "ஒரு கிலோ வெங்காயம், விளக்கெண்ணெய் பாட்டில் ஒண்ணு" என்றேன். கல்லாவின் மேல் குனிந்து காதைக் கொண்டுவந்து "ஆங்? என்னது?" என்கிறான். திரும்பச் சொன்னேன். "ஆங்?" மூன்றாம் முறையும் "ஆங்?" பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எடைக்கல்லை எடுத்து அவன் கண்ணாடி அலமாரியில் எறிந்துவிட்டு வந்தேன். வெங்காயம் இல்லாமல் சமைத்தேன். கிராமமே உன் பக்கம் நின்று என்னைச் செவிடன் நாடகம் ஆடி விரட்டப் பார்க்கிறது.

இன்னொன்று. உன் மகன் நேற்று மறுபடி வந்தான். இந்த முறை நான் தயாராக இருந்தேன். அவன் குவாரிக் கொட்டகைக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் சம்மட்டிக் காம்பால் தலையில் ஒன்று போட்டேன். ஒரு கையால்தான். இன்னொரு கையில் மாவுக்கட்டை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய? அவன் விழுந்தான். எழுந்து "மாமா" என்றான், கெட்ட வார்த்தைக்குப் பதில் அதுதான் வந்தது. பிறகு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு லாரி ஏறிப் போனான். கொட்டகை எரிந்துவிட்டது. குர்ஜியின் சட்டையும் அதில்தான் தொங்கியது. உன் மகன் எரித்தது அதை.

நாஹூம்


பீர்ஷெபா
ஜூலை 30

நாஹூமுக்கு,

ஓவேத் தலையில் ஏழு தையல். இரண்டு நாள் வாந்தி எடுத்தான். அவன் சாகாதது உன் நல்ல காலம். செத்திருந்தால் நானே பஸ் ஏறி வந்து உன் கழுத்தை அறுத்திருப்பேன்.

ஷப்தாயின் மனைவி போன் செய்தாள். கண்ணாடிக்காகத் திட்ட என்று நினைத்தேன். அவள் வேறொன்று சொன்னாள். "அஸ்மர், நாங்க யாரும் உங்கண்ணனைக் கேலி பண்ணலை. அவர் வாய் மட்டும்தான் அசையுது. தண்ணிக்குள்ள பேசற மாதிரி. வெங்காயம்னு அவர் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சார், அதுவும் அவர் விரலை நீட்டினதை வச்சு."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. பஸ்கா விருந்து ஞாபகம் வந்தது. நீ எல்லாருக்கும் விடுதலைக் கதைப் புத்தகத்தைப் படித்தாய். குர்ஜி இரண்டு மூன்று முறை "மச்சான், கொஞ்சம் சத்தமா" என்றார். நீ மேஜையில் அறைந்தாய், திராட்சை ரசம் என் வெள்ளைத் துணியில் கொட்டியது. பிறகு அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கேட்டது போல.

டாக்டரிடம் போ. பாசத்தில் சொல்லவில்லை. நான் யாரை வெறுக்கிறேன் என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

அஸ்மர்


ஜெருசலேம் மலைகள்
செப்டம்பர் 9

அஸ்மருக்கு,

போனேன். நீ சொன்னதற்காக இல்லை. இடுப்பு வலிக்காகப் போனேன். அவர்கள் இடுப்பைப் பார்க்கவே இல்லை. நடக்கச் சொன்னார்கள், கதவுநிலையில் என் கால் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தார்கள், விரலைத் தட்டச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள். என் எழுத்து சுருங்குவதை அந்த டாக்டர் உன்னைப் போலவே எறும்பு என்றார். பார்க்கின்சன் என்று ஒரு நோய். ஐந்தாறு வருடமாக இருக்கிறதாம். முகம் கல்லாவதும் அதனால்தானாம். நான் அடக்கத்தில் அழுதேன், அஸ்மர். உள்ளே அழுதேன். அது வெளியே வரவில்லை என்பது எனக்குத் தெரியாது.

பிறகு பேச்சு பார்க்கிற அறைக்கு அனுப்பினார்கள். தீர்சா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். படங்களைக் காட்டினாள். சுத்தியல், சொன்னேன். ஆணி, சொன்னேன். சுத்தியலைப் பிடித்து ஒருவன் ஆணியில் ஏதோ செய்கிற படம். "இவர் என்ன பண்றார், ஐயா?" வாயைத் திறந்தேன். வரவில்லை. அடிக்கிறான் என்ற சொல் வரவில்லை. வாழ்க்கை முழுக்க அடித்தவன் நான். கல்லை அடித்தேன், ஆளை அடித்தேன். அந்தச் சொல் மட்டும் எங்கோ போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. நானாகக் கற்ற மொழி இது, யாரும் எனக்குத் தானமாகக் கொடுத்ததில்லை. இப்போது பொருள்களின் பெயரை விட்டுவிட்டு, வேலைகளின் பெயரைத் திருடிக்கொண்டு போகிறது. "அவசரமில்ல, மெதுவா" என்றாள். அவசரமில்லை என்று என்னிடம் சொல்ல அவள் யார்? மேஜையைக் கவிழ்த்தேன். அவள் படங்களைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்கும் பிடிவாதம் இருக்கிறது.

ஒரு டேப் ரெக்கார்டரை வைத்தாள். அதில் ஒரு முள், சத்தத்துக்கு ஏற்ப எழும். "உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமா ஏதாவது கத்துங்க." நான் எதைக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும். மூன்று முறை கத்தினேன். ஆஸ்பத்திரியே ஓடிவரப் போகிறது என்று கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. முள் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். டேப்பைத் திருப்பிப் போட்டாள். யாரோ ஒரு நோயாளி ரகசியம் சொல்வது போல இருந்தது. அவள் சொன்னாள், "உங்க காதுக்கு அது கத்தலாத்தான் கேக்கும், ஐயா. இந்த நோய் அப்படித்தான். நீங்க பொய் சொல்லலை." டேப்பை எடுத்துச் சுவரில் எறிந்தேன். தூள்.

இயந்திரத்தை நம்புகிறவன் இல்லை நான். மறுநாள் ஷப்தாயின் கடைக்குப் போய், ஒரு தாளில் எழுதிக் காட்டி, அவனைக் குவாரிக்குக் கூட்டிப்போனேன். உடைந்த கண்ணாடிக்கு இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். குர்ஜி இருந்த இடத்தில், அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். "கேட்டா கையைத் தூக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். விளிம்பில் ஏறி, அதே இடத்தில் காலை வைத்துக் கத்தினேன்.

மலை திருப்பிச் சொன்னது. என் காதில் சொன்னது.

கை எழவில்லை. இரண்டாவது கத்தல். எழவில்லை. பாறைக்கு மேலே சிகரெட் புகை மட்டும் வந்தது. மூன்றாவது. பிறகு ஷப்தாய் தானாக எட்டிப் பார்த்து, "என்னய்யா, ஆரம்பிக்கலையா இன்னும்?" என்று கேட்டான். அவன் கேட்டது எனக்குத் தெளிவாக விழுந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி வெள்ளிக்கிழமையை எழுதுகிறேன். சைரனை வாங்கி வந்தவன் குர்ஜி. "எதுக்குடா இந்தத் தகரம், என் தொண்டை இருக்கு" என்றேன். ஆட்கள் தள்ளிப்போகும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னான்: "மச்சான், உன் சத்தம் கேக்கலை. ரெண்டு மாசமா கேக்கலை. நீ விளிம்புல ஏறுறதைக் கண்ணால பாத்துத்தான் நான் ஓடுறேன். என்னிக்காவது நான் பாக்காம விட்டுட்டா?" அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் வாயில் அடித்தேன். வேறு யாரிடமும் அவன் அதைச் சொல்லக் கூடாது என்று அடித்தேன். சொல்லவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சைரன் கொட்டகையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அவன் பார்க்காமல் விட்டுவிட்டான்.

கத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். அது பொய். ஆனால் பத்துப் பேரோடு வருவேன்.

நாஹூம்


பீர்ஷெபா
அக்டோபர் 5

நாஹூமுக்கு,

உன் கடிதத்தை ஓவேத்திடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் இந்தப் பதில் உன் வீட்டுக்கு வந்துசேர நீ இருந்திருக்க மாட்டாய்.

வழுக்கி விழுந்தேன் என்றாரே. உனக்காகப் பொய் சொன்னார். நான் அவரை "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று திட்டினேன். அதுதான் என் வாயிலிருந்து அவருக்குக் கடைசியாகப் போன நீளமான பேச்சு. இதையும் உன் கணக்கில்தான் வைக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலை வருகிறோம். நான் பெண்களோடு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பேன். உன் பக்கத்தில் வர மாட்டேன். பத்துப் பேருக்கும் கேட்க வேண்டும், நாஹூம். கேட்காவிட்டால் அது சொன்னதாக ஆகாது.

அஸ்மர்


ஜெருசலேம் மலைகள்
அக்டோபர் 14

அஸ்மருக்கு,

நீ இருபது அடி தள்ளி நின்றாய். உனக்குக் கேட்டது ஓவேத்தின் குரல் மட்டும். என் வாயில் இருந்தது என்ன, அவன் வாயில் வந்தது என்ன என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பித்தேன். ஷப்தாய் காதுக்குப் பின்னால் கையை வைத்தான். பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன், "கேக்கலைன்னா எப்படிய்யா ஏத்துக்கறது?" என்றான். அப்போது உன் மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து என் வாயருகே காதை வைத்தான். தலையில் நான் போட்ட தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. "சொல்லு மாமா. நான் சொல்றேன்" என்றான்.

நான் சொன்னேன்: இஸ்ரவேலின் கடவுளுக்கும் இந்தக் குர்ஜிக்கும் எதிராகப் பாவம் செய்தேன். ஓவேத் அதையே கத்திச் சொன்னான், உனக்கும் கேட்டிருக்கும். நான் சொன்னேன்: நான் கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். நீங்கள் நான்கு மாதமாகக் கேட்டது அதன் எதிர்ப்பக்கத்தை. என் குரல் அப்போது அவன் கையில் இருந்தது. "நான் கத்தவில்லை" என்று அவன் சொல்லியிருந்தால் பத்துப் பேரில் ஒருவனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. நான் மறுத்தாலும் கேட்டிருக்காது. "நான் கத்தினேன்" என்றே சொன்னான். பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

பிறகு சொன்னேன்: அது குர்ஜிக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று நான்கு நாளுக்கு முன்பே என்னிடம் சொன்னான். அதைச் சொன்னதற்காக அவன் வாயை உடைத்தேன்.

ஓவேத் சத்தம் நின்றது. உங்கள் பக்கம் பெண்கள் ஏதோ ஆகிவிட்டது என்று கத்தினார்கள். ஆனது இதுதான்: முஷ்டியை மடக்கி என் வாயில் அடித்தான். கீழ்ப்பல் ஒன்று போயிற்று. குர்ஜியின் கல்மேல் விழுந்தேன். ஷப்தாயும் இரண்டு பேரும் அவனைப் பிடித்தார்கள். உதறிக்கொண்டான். என்னைச் சட்டையோடு தூக்கி நிறுத்தினான், ஒரு கையால் பிடித்தே நின்றான், நான் விழாமல். பிறகு அந்த வரியைச் சொன்னான். "கேட்காது என்று நான்கு நாளுக்கு முன்பே என்னிடம் சொன்னான். அதைச் சொன்னதற்காக அவன் வாயை உடைத்தேன்." மலை முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அந்தக் குரல் என்னுடையது, அஸ்மர். நாற்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் இருந்தது அப்படித்தான்.

சைரனைச் சாம்பலில் தேடி எடுத்தேன். வேலை செய்கிறது. குவாரியை ஓவேத் எடுத்துக்கொண்டால் தருகிறேன். வேண்டாமென்றால் மூடுகிறேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் லாரியில் ஏறினாய். மன்னித்தாயா இல்லையா என்று எழுது. நான் கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

நாஹூம்


பீர்ஷெபா
அக்டோபர் 19

அண்ணனுக்கு,

மன்னிக்கவில்லை.

மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதி. ஒரு முறைதான் கேட்டிருக்கிறாய். இன்னும் இரண்டு இருக்கிறது. அடுத்த வருடம் வா, அதற்கடுத்த வருடமும் வா. அதுவரை செத்துத் தொலைக்காதே. மாத்திரையை நேரத்துக்குப் போடு. அந்தப் பெண்ணுக்கு ஒரு டேப் வாங்கிக் கொடு.

ஓவேத் கடப்பாறையை லாரியிலிருந்து இறக்கிவிட்டான். உன்னை அடித்த கை வீங்கியிருக்கிறது, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. நன்றாக வீங்கட்டும். குவாரியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சைரன் எந்த வருடத்தது, கை சுற்றுவதா மின்சாரமா என்று கேட்டான்.

குர்ஜியின் கத்தியும் அளவுகோலும் என்னிடம் வர வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்காதே.

போன் செய்வதென்றால் செய். வெறும் மூச்சு கேட்டால் இனிமேல் வைக்க மாட்டேன். நீ பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு நான் திட்டுவேன். அதை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

அஸ்மர்